ஸைத் யாருடைய மகன்?

2012 செப்டம்பர் 19 அன்று மொராக்கோவின் நீதி அமைச்சர் முஸ்தஃபா ரமீத் அரசு வழக்கறிஞர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்க்கக் கேட்டு வரும் வெளிநாட்டார் மொராக்கோவிலேயே நிலையாகக் குடியிருப்பவர்களாக இல்லாவிட்டால், அவர்களுடைய மனுவை ஆதரிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். பிள்ளை எல்லை தாண்டிப் போய்விட்டால் அது எப்படி வளர்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்று காரணம் சொன்னார். அந்தத் தாள் வெளியானபோது ஸ்பெயினிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்த தம்பதிகள் பலர் ரபாத்தில் வாடகை வீடெடுத்துத் தங்கியிருந்தார்கள். குழந்தைகள் இல்லத்தில் பிள்ளையை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். போய்ப் பால் புகட்டி, மடியில் தூங்கவைத்து, நேரம் முடிந்ததும் ஊழியர் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். கணவனோ மனைவியோ யாராவது ஒருவர் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு மாதக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, ஸ்ட்ராஸ்பூரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அல்ஜீரியாவில் பிறந்தவுடன் கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தையை 2004 ஜனவரியில் பொறுப்பேற்று, அடுத்த மாதமே பிரான்ஸுக்குக் கொண்டுவந்து வளர்த்த பெண்மணி ஒருவர், அவளைத் தத்தெடுக்க அனுமதி கேட்டிருந்தார். பிரெஞ்சு நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. பிள்ளையின் சொந்த நாட்டுச் சட்டம் தத்தெடுப்பைத் தடைசெய்தால் பிரான்ஸும் தத்து வழங்காது என்று 2001இல் அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. பிரான்ஸிலேயே பிறந்து வசிக்கும் பிள்ளைக்கு மட்டும் அதில் விலக்கு. பிரான்ஸ் நடந்துகொண்ட விதத்தில் தவறில்லை என்று ஸ்ட்ராஸ்பூர் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

ஆக, வெளியே அனுப்பினால் தத்து எடுத்துவிடுவார்கள் என்று ஒரு நாடு பயந்தது. உன் நாடு தத்து கூடாது என்கிறதே என்று இன்னொரு நாடு கையை விரித்தது. இரண்டு நாடுகளும் ஒரே மத விதியின் மேல்தான் நின்றன. ஒன்று தன்னுடைய விதி என்று, மற்றது பிறருடைய விதியை மதிப்பதாக.

அந்த விதி எளிது. பிள்ளையை வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். ஆனால் வளர்ப்பதனால் யாரும் தகப்பன் ஆகிவிட மாட்டார்கள். இஸ்லாமியச் சட்டத்தில் இந்தப் பொறுப்பேற்புக்குக் கஃபாலா என்று பெயர். வளைகுடாவில் வேலைபார்த்த தமிழர்களுக்குக் கஃபீல் என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிதான் நினைவுக்கு வருவார். இங்கே கஃபீல் என்பவர் கைவிடப்பட்ட பிள்ளைக்குச் சோறும் படிப்பும் பாதுகாப்பும் தருவதாக நீதிபதி முன் வாக்குக் கொடுத்தவர். மொராக்கோவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், எண் 15-01, அந்த வாக்கை ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் செய்வதோடு ஒப்பிடுகிறது. அடுத்த மூச்சிலேயே, இதனால் வம்ச உரிமையும் கிடையாது, சொத்துரிமையும் கிடையாது என்று முடிக்கிறது. 2004ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம், முதவ்வனா, இன்னும் கறாராக, தத்தெடுப்புக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்கிறது.

இது ஏன் இப்படி என்று கேட்டால், எந்த ஆலிமும் ஸைத் இப்னு ஹாரிஸாவின் கதையைத்தான் சொல்லத் தொடங்குவார்.

ஸைத் சிறுவனாக இருந்தபோது கொள்ளைக்காரர்கள் கையில் சிக்கி அடிமையாக விற்கப்பட்டவர். உக்காஸ் சந்தையில் வாங்கப்பட்டு கதீஜா அம்மையாரிடம் வந்தார். அவர் திருமணத்துக்குப் பின் நபிகள் நாயகத்துக்குக் கொடுத்துவிட்டார். வருடங்கள் கழித்து ஸைதின் தகப்பனார் ஹாரிஸா, மகன் மக்காவில் இருப்பதைக் கேள்விப்பட்டு, மீட்புப் பணத்தோடு ஓடிவந்தார். நபிகள் பணம் கேட்கவில்லை. பையனே முடிவுசெய்யட்டும் என்றார்கள். பையன் வளர்த்தவரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டான். பெற்றவர் முன்னிலையில் இப்படி ஒரு பதில். நபிகள் அவரைக் கஅபாவுக்குக் கூட்டிப்போய், இவர் என் மகன், எனக்கு இவரும் இவருக்கு நானும் வாரிசு என்று ஊரறிய அறிவித்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அன்றுமுதல் அவர் ஸைத் இப்னு முஹம்மத். ஹாரிஸாவும் மனம் ஆறித் திரும்பிப் போனாராம்.

மதீனாவுக்கு வந்த பிறகு அந்தப் பெயர் மாறியது. குர்ஆனின் 33ஆம் அத்தியாயமான அல் அஹ்ஸாபின் நான்காம், ஐந்தாம் வசனங்கள், வாயால் சொல்லிவிடுவதால் மட்டும் வளர்ப்பு மகன்கள் மகன்களாகிவிடுவதில்லை என்றும், அவர்களை அவரவர் தகப்பன் பெயரிட்டே அழைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஸைத் மறுபடி ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். அவர் மணவிலக்குச் செய்த ஸைனபை நபிகள் மணந்ததும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறது. வளர்ப்பு மகனின் முன்னாள் மனைவியை மணப்பதற்குத் தடையில்லை என்று நிலைநாட்டவே அது நடந்தது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நபித்தோழர்களில் குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே மனிதர் ஸைத். மகன் என்ற பெயர் போனாலும், 629இல் முஅத்தா போரில் படைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவரிடம்தான் தரப்பட்டது; அங்கேயே உயிர்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஐந்தாம் வசனத்துக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. தகப்பன் யாரென்று தெரியாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் மார்க்கத்தில் உங்களுக்குச் சகோதரர்கள், உங்களைச் சேர்ந்தவர்கள் என்கிறது அது. இந்தப் பகுதிக்கும் ஓர் ஆள் உண்டு. ஸாலிம் என்ற விடுதலை பெற்ற அடிமை, அபூ ஹுதைஃபாவின் வளர்ப்பு மகன். வசனம் வந்தபோது, திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ள அவருக்கு ஒரு ஹாரிஸா இருக்கவில்லை. எனவே அபூ ஹுதைஃபாவைச் சேர்ந்த ஸாலிம் என்றே வரலாறு அவரை அழைக்கிறது. குர்ஆனை யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று நபிகள் குறிப்பிட்ட நால்வரில் அவரும் ஒருவர். தகப்பன் பெயர் இல்லாதது அவருக்கு முன்வரிசையில் நிற்கத் தடையாகவில்லை.

ஸாலிமுக்கு வேறொரு சிக்கல் வந்தது. வளர்ந்த ஆண் அவர். வீட்டுக்குள் வளர்த்த தாயோடு எப்படிப் புழங்குவது? அபூ ஹுதைஃபாவின் மனைவி ஸஹ்லா போய்க் கேட்டபோது, அவருக்குப் பால் கொடுத்துப் பால்குடி உறவு உண்டாக்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டதாக ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதை ஸாலிமுக்கு மட்டுமே உரிய விலக்கு என்று மூடி வைத்துவிட்டார்கள். பொதுவிதி, பிள்ளைக்கு இரண்டு வயதாவதற்குள் பாலூட்டியவள் தாய் என்பது. ஹனஃபி மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், ஒருமுறை குடித்தாலே போதும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வேரூன்றிய ஷாஃபி மத்ஹபில் ஐந்துமுறை. பால்குடி உறவு வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை மணக்க முடியாது, அதனால் வீட்டில் திரை வேண்டியதில்லை. சொத்து மட்டும் வராது. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மருந்தாலும் பம்பாலும் பால் சுரக்கச் செய்ய இன்று மருத்துவத்தில் வழியிருப்பதால், கைக்குழந்தையை எடுத்து வளர்க்கும் முஸ்லிம் பெண்கள் சிலர் இந்தப் பழைய வாசலைத் தட்டுகிறார்கள். சட்டம் தாயாக்க மறுப்பதை உடம்பு செய்துவிடும் என்ற நம்பிக்கை அது.

தத்தெடுப்பு ஓர் அன்புச் செயல், அதைத் தடுப்பது கல்நெஞ்சம் என்று சட்டென்று முடிவுகட்ட வேண்டாம். நாடுவிட்டு நாடு பிள்ளை எடுக்கும் வழக்கத்தின் கடந்த எழுபது ஆண்டுக் கதையைப் படித்தால், தகப்பன் பெயரை மாற்றாதே என்ற விதி திடீரென்று மிக நவீனமாகத் தெரியும். மேற்கில் நிலைத்த முழுத் தத்தெடுப்பு பழைய பிறப்புப் பதிவை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியது. அந்தப் பிள்ளை வளர்த்தவர்களுக்கே பிறந்ததாகக் காகிதம் சாட்சி சொல்லும். கொரியப் போருக்குப் பின் தென்கொரியாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் உயிரோடு இருந்தவர்களும் அநாதைகள் என்று பதிவானார்கள், ஒரு பிள்ளையின் அடையாளம் இன்னொன்றுக்குப் போனது. 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் அரசே இதற்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 1980களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன குழந்தைகள் இன்று நடுவயதில் தாயைத் தேடிக் கொழும்புக்கு வருகிறார்கள். கோப்பில் இருக்கும் முகவரிக்குப் போனால், அதிகாரி முன் தாயாக நடிப்பதற்குக் கூலி வாங்கிய யாரோ ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். இந்தப் புகார்கள் கிளம்பியபோது, குழந்தைப் பண்ணைகள் இருந்தது உண்மை என்று 2017இல் இலங்கை அமைச்சரே ஒப்புக்கொண்டார்.

2007 அக்டோபரில் சாட் நாட்டின் அபேஷே நகரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு அமைப்பினர் 103 பிள்ளைகளை விமானத்தில் ஏற்றப் போனபோது பிடிபட்டார்கள். சூடானின் டார்ஃபூர் போரின் அநாதைகள் என்று சொல்லித்தான் ஏற்றப் பார்த்தார்கள். விசாரித்தால் பெரும்பாலோர் சாட் நாட்டவர், வீடும் குடும்பமும் உள்ளவர்கள். பிள்ளைகளுக்காகப் பிரான்ஸில் குடும்பங்கள் விமான நிலையத்தில் காத்திருந்தன. பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளைகள். எடுக்க வந்தவர்கள் முன்னாள் ஆட்சியாளர்களின் நாட்டவர்கள். ரமீத்தின் சுற்றறிக்கையை வெறும் மதவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த ஞாபகத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த இடம்வரை கஃபாலாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. வளர்த்த கடனுக்காக ஒரு மனிதரின் பிறப்பை அழித்தெழுதும் உரிமை யாருக்கும் இல்லை என்பது உயர்ந்த கொள்கை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையும் அதை மதித்தது. குடும்பம் இழந்த பிள்ளைக்கான ஏற்பாடுகளின் பட்டியலில், 20ஆம் உறுப்பு, கஃபாலாவின் பெயரைத் தனியாகச் சொல்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கொள்கையைத் தூக்கிப்பிடிக்கும் அரசு, தன் வீட்டுக்குள் அதை எப்படி நடத்துகிறது?

காஸாபிளாங்காவில் ஆயிஷா எஷ்ஷென்னா என்ற பெண்மணி இருந்தார். செவிலியர் படிப்புப் படித்துச் சமூகநலப் பணிக்கு வந்தவர். 1980களின் தொடக்கத்தில் தன் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய நாட்களில் கண்ட ஒரு காட்சியை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகாத ஓர் இளம்பெண் குழந்தையை ஒப்படைப்பதற்காக அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்ததும் அவள் மார்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். பால் பீச்சியடித்துக் குழந்தையின் முகமெல்லாம் தெறிக்கிறது. குழந்தை வீரிட்டு அழுகிறது. எஷ்ஷென்னாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1985இல் கல்யாணமாகாத தாய்மார்களுக்காக அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். சமையலும் தையலும் கற்றுக்கொடுத்து, பிள்ளையைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள வழிசெய்தார். விபசாரத்தை வளர்க்கிறவள் என்று பள்ளிவாசல் மிம்பர்களிலிருந்து ஏசினார்கள், மன்னரோ கௌரவித்தார். 2022 செப்டம்பரில் அவர் இறந்தார்.

மொராக்கோவில் கைவிடப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இளம்பெண்ணைப் போன்றவர்களுக்குப் பிறந்தவர்கள். குற்றவியல் சட்டத்தின் 490ஆம் பிரிவு, திருமணத்துக்கு வெளியே உறவுகொள்கிறவர்களுக்கு ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம்தான், ஆனால் வயிறு சாட்சி சொல்வது பெண்ணுக்கு எதிராக மட்டும். ஊர்வாய்க்குப் பயந்து, வேறு நகரத்துக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் பெற்றுப் போட்டுவிட்டு மறைகிறார்கள்.

தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? மொராக்கோவின் பிறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அப்த் என்று தொடங்கும் ஒரு பெயரைத் தகப்பன் பெயராக எழுதிவிட வேண்டும். அதாவது இறைவனின் அடிமை என்று பொருள்படும் ஏதாவதொரு பெயர். அப்படி ஓர் ஆள் எங்கும் இல்லை. வளர்த்தவர் பெயரைத் தகப்பன் பெயராக எழுதினால் பொய்யாகிவிடும் என்பதற்காகத்தான் தத்தெடுப்பே தடைசெய்யப்பட்டது. இருக்கிற மனிதர் பெயரை எழுதினால் பொய், இல்லாத மனிதர் பெயரை எழுதினால் முறை.

இதைவிட வலுவான சான்று டாஞ்சியர் நகரத்து வழக்கு. கல்யாணமாகாத ஒரு தாய், தன் மகளுக்கு இன்னார்தான் தகப்பன் என்று நீதிமன்றம் போனார். டி.என்.ஏ. பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. 2017 ஜனவரியில் கீழமை நீதிமன்றம், மொராக்கோவின் வரலாற்றில் இல்லாத துணிச்சலோடு, அவரைத் தகப்பன் என்று ஏற்று இழப்பீடும் கட்டச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளியது. 2020இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியதை உறுதிசெய்தது. ரத்தம் ஒன்றாயிருந்தாலும் நிக்காஹ் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனோடு சட்ட உறவு கிடையாது என்பதுதான் காரணம். குடும்பச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு மறுபடி கிளம்பியபோது, பரம்பரையை நிறுவ மரபணுச் சோதனையைப் பயன்படுத்தும் யோசனையை 2024 டிசம்பரில் நாட்டின் உலமா சபை நிராகரித்துவிட்டது.

அவரவர் தகப்பன் பெயரிட்டு அழையுங்கள் என்ற வசனத்தை வைத்து மாட்ரிட் தம்பதியிடம் பிள்ளையைத் தர மறுக்கும் சட்டமே, தகப்பன் யாரென்று ஆய்வுக்கூடம் கைகாட்டிய பிறகும் அந்தப் பெயரை எழுத மறுக்கிறது. அப்படியானால் காக்கப்படுவது பிள்ளையின் வம்ச உண்மை அல்ல. கல்யாணம் என்ற ஏற்பாட்டின் மானமும், அதற்குள் பிறந்தவர்களின் சொத்தும்தான். இதை ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்ட நூல்கள் மறைக்கவுமில்லை. பிள்ளை படுக்கைக்கு உரியது, அதாவது கணவனுக்கு உரியது என்பது அவற்றின் பழைய விதி. அந்த விதிக்கு ஆதரவாகவும் எதிராகவும் வாதாடலாம். ஆனால் அதைப் பிள்ளையின் நலன் என்று பெயர்மாற்றி வெளிநாட்டுத் தம்பதிகளிடம் நீட்டுவது சரக்கை மாற்றி விற்பதுதான்.

சுற்றறிக்கைக்குள் இன்னொரு பிரச்சினையும் ஒளிந்திருந்தது. 15-01 சட்டப்படி கஃபீல் முஸ்லிமாக இருக்க வேண்டும். வந்த தம்பதிகளில் பலர் பிள்ளைக்காக இஸ்லாத்தைத் தழுவினார்கள். அதூல் எனப்படும் பத்திரப் பதிவாளர்கள் இருவர் முன்னால் இஸ்லாமிய நம்பிக்கைப் பிரகடனமான கலிமாவைச் சொல்லி, சான்றிதழ் வாங்கி, மனுவோடு இணைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அது அலமாரியில் கிடக்கும் காகிதம்தானே என்று மொராக்கோ அதிகாரிகளுக்குச் சந்தேகம். ஒரு தாளுக்காகச் சொன்ன கலிமா கலிமாவா?

இஸ்லாமிய மரபு இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் வந்து சேரும் இடமும் ஸைதின் வீடுதான். அவருடைய மகன் உஸாமா ஒரு போரில் எதிரியை மடக்கியபோது அவன் கலிமாவைச் சொல்லிவிட்டான். உயிருக்குப் பயந்து சொல்கிறான் என்று உஸாமா அவனைக் கொன்றுவிட்டார். கேள்விப்பட்ட நபிகள், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அன்றைக்குத்தான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று நினைக்கும் அளவுக்கு உஸாமா நொந்துபோனதாக ஹதீஸ் சொல்கிறது. மனிதர்கள் வெளியே தெரிவதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும், உள்ளம் இறைவனுக்கு என்ற சட்டக் கொள்கைக்கு இந்தச் சம்பவம் பெரிய ஆதாரம். அதன்படி பார்த்தால் ரபாத்தில் கலிமா சொன்ன ஸ்பானியர் முஸ்லிம், அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்கு அதிகாரியை அனுப்பித் தொழுகிறாரா என்று பார்ப்பதற்கு மரபில் இடம் தேடுவது கடினம். ஆனால் நியாயமாகச் சொல்வதானால், பிள்ளையைக் கேட்டு வருகிறவர்களை மதம் மாறச் செய்யும் நிபந்தனையை எழுதியதே அரசுதான். பொய் சொல்ல வாசலையும் வைத்துவிட்டு, நுழைகிறவரைச் சந்தேகித்து என்ன பயன்?

மதம் மாறாமல் வளர்த்தவர்களின் கதை இன்னும் கடுமையாக முடிந்தது. மத்திய அட்லஸ் மலையில் அய்ன் லூ என்ற சிற்றூரில் கிராமம் போல அமைந்த ஒரு குழந்தை இல்லம். வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதிகள் வீட்டுக்குச் சில பிள்ளைகள் என்று வைத்து, 33 பிள்ளைகளை வளர்த்துவந்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்கள். 2010 மார்ச்சில் போலீஸார் வந்தார்கள். மதப்பிரசாரம் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டி, பெட்டி கட்டுவதற்குச் சில மணி நேரம் கொடுத்து, வளர்த்தவர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். முஸ்லிமின் நம்பிக்கையைக் குலைப்பது மொராக்கோவில் தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளுக்கு அவர்கள் பைபிள் சொல்லிக்கொடுத்தார்களா இல்லையா என்பதில் இரு தரப்பும் இரண்டு விதமாகப் பேசின. சொல்லிக்கொடுத்திருந்தால், சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதாகக் கொடுத்த வாக்கை மீறியதாகத்தான் ஆகும். ஆனால் ஒருமுறை பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைகளை வளர்த்தவர்களும் ஒரே நாளில் விட்டுப்போகும்படி செய்த அரசின் கணக்கில், பிள்ளைகள் எந்தப் பத்தியில் எழுதப்பட்டார்கள் என்று தெரியவில்லை.

ஐரோப்பா இதற்குள் இரண்டு மூன்று வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டது. பிரான்ஸில் பிரெஞ்சுக் குடிமகன் வளர்க்கும் பிள்ளை சில ஆண்டுகளில் குடியுரிமை கேட்கலாம். 2016 வரை ஐந்தாண்டு, இப்போது மூன்றாண்டு. பிரெஞ்சுக் குடிமகள் ஆகிவிட்டால் அவளுடைய சொந்தச் சட்டம் பிரெஞ்சுச் சட்டம், அப்போது தத்தெடுக்கலாம். ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றம் பிரான்ஸை விட்டுவிட்டதற்கு இந்தப் பின்வாசலும் ஒரு காரணம். ஸ்பெயின் வேறு திசையில் போய், சொந்த நாட்டுச் சட்டம் தத்தெடுப்பைத் தடுக்கும் பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது என்று 2015இல் தன் சட்டத்தைத் திருத்தியது. ஸ்பெயின் அரசின் பாதுகாப்பிலேயே இருக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. 2019 மார்ச்சில் லக்ஸம்பர்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அல்ஜீரியாவில் கஃபாலா எடுத்த ஒரு தம்பதியின் வழக்கில், அந்தப் பிள்ளை நேரடிச் சந்ததி ஆகாது, ஆனாலும் குடும்ப உறுப்பினர்தான், உண்மையான குடும்ப வாழ்க்கை இருக்குமென்றால் பொதுவாக உள்ளே விட வேண்டும் என்றது. வசனத்தின் பின்பகுதி சொல்வதற்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார்கள் அந்த நீதிபதிகள், அதைப் படித்திருப்பார்களோ என்னவோ.

இதெல்லாம் முஸ்லிம்களின் தகராறு என்று இந்திய வாசகர் ஒதுங்க முடியாது. பழைய ஹிந்து சட்டத்தில் தத்துக் கொடுப்பது பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தானம். கொடுக்க ஆளில்லாத அநாதையைத் தத்தெடுக்கவே முடியாது. பெற்றோரால் கைவிடப்பட்டு இன்னொருவரால் எடுத்து வளர்க்கப்படும் மகனை மனு அபவித்தன் என்று பன்னிரண்டு வகை மகன்களில் ஒருவனாக எண்ணியிருந்தாலும், பிற்காலச் சட்டத் தொகுப்பு நூல்கள் அந்த வகையைக் கலியுகத்துக்கு ஆகாதென்று தள்ளிவிட்டன. 1956ஆம் ஆண்டு ஹிந்து தத்தெடுப்புச் சட்டம்கூட, பெற்றோர் தெரியாத பிள்ளையைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது 1962 திருத்தத்தில்தான். ஆண் பிள்ளை வேண்டும், பிண்டம் போட வேண்டும், சொத்து கைமாறாமல் இருக்க வேண்டும். தெருவில் கிடந்த பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை.

வெளிநாட்டுத் தம்பதிகளுக்கோ இந்தியாவில் நெடுங்காலம் கிடைத்ததும் ஒரு விதத்தில் கஃபாலாதான். 1890ஆம் ஆண்டின் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டப்படி காப்பாளர் ஆகி, பிள்ளையைக் கொண்டுபோய், தங்கள் ஊர்ச் சட்டப்படி தத்தெடுத்துக்கொள்வார்கள். இதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு, 1984இல் நீதிபதி பி.என். பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தார். பிள்ளைக்கு முதலில் நாட்டுக்குள்ளேயே குடும்பம் தேட வேண்டும், அமையாவிட்டால்தான் வெளியே என்ற வரிசை அதிலிருந்து வந்தது. எல்லா மதத்தவருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இல் வந்து, முஸ்லிம் தலைவர்களின் எதிர்ப்பால் நிறைவேறாமல் போயிருந்தது. 2014 பிப்ரவரியில் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்றது. முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் கஃபாலாவைச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தது. விரும்பினால் இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் உங்கள் மார்க்கப்படி நடந்துகொள்ளுங்கள், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று அமர்வு பதில் சொன்னது.

மொராக்கோ சட்டத்துக்குள்ளேயே தேடினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளையை அதன் சம்மதம் இல்லாமல் எந்தத் தம்பதிக்கும் கஃபாலா கொடுக்க முடியாது. ஸைதிடம் கேட்டது போலக் கேட்டாக வேண்டும். சாதாரணமாகக் கஃபாலா பதினெட்டு வயதோடு முடியும், ஆனால் மணமாகாத பெண்ணுக்கும் உடல் குறைபாடு உள்ளவருக்கும் தொடரும். சொத்து வாரிசாக வராவிட்டாலும், மாலிகி மரபில் தன்ஸீல் என்ற ஏற்பாடு இருக்கிறது. பெறாத பிள்ளையை உயிலில் பெற்ற பிள்ளையின் இடத்தில் நிறுத்திப் பங்கு எழுதலாம், உயிலுக்குரிய மூன்றில் ஒரு பங்கு வரம்புக்குள். இந்தோனேசியா ஒரு படி மேலே போய், வளர்ப்புப் பிள்ளைக்கு உயில் எழுதாமலே பெற்றோர் இறந்துவிட்டாலும், எழுதியதாகவே கொண்டு மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்று 1991இல் தன் இஸ்லாமியச் சட்டத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. ரபாத்தின் உலமாக்கள் மரபணுச் சோதனையை நிராகரித்த பிறகும், அப்த் என்று தொடங்கும் கற்பனைப் பெயருக்குப் பதிலாக இந்தக் கஃபீலைச் சேர்ந்தவர் என்று ஸாலிமுக்குச் செய்தது போலப் பதிவேட்டில் எழுதத் தடை எதுவும் வசனத்தில் இல்லை. அல்ஜீரியா 1992இலேயே ஓர் ஆணை போட்டு, தகப்பன் தெரியாத பிள்ளை கஃபீலின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டது. பிரான்ஸுக்குப் போன அந்தப் பெண் குழந்தையும் வளர்த்தவரின் குடும்பப் பெயரோடுதான் விமானம் ஏறினாள்.